நாகேஷும் நம் சங்க மேடையும்

(சங்கத்தின் இலக்கிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சின்னத்திரையும் நகைச்சுவையும்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு நம் தலைவர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். பத்தாம் வகுப்புத் தேறியதோடு ஏட்டுப் படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவன் நான். புலவர் பெருமக்கள் அமர்ந்திருக்கும் இவ்வவையில் எனக்கு என்ன வேலை என்று தயங்கினேன். "சிரிப்பதற்குப் பட்டம் கேட்கிறோமா? அதைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் எதற்கு?" என்றார் தலைவர். மறுமொழி சொல்ல இயலாமல் ஒப்புக்கொண்டேன்.

ஆயினும் பொருளைச் சற்றே திருப்பிக்கொள்ள அவையோரின் அனுமதியை வேண்டுகிறேன். இன்று சின்னத்திரையில் காணும் தமிழ் நகைச்சுவை எங்கே ஊற்றெடுத்தது என்று தேடிக்கொண்டு மேலே போனால், அதன் கிளைகளுள் ஒன்று ஒரு காரியாலயத்து நாடக மேடைக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. அதுவும் இரயில்வே ஊழியர்களின் மேடைக்கு! ஆகவே நான் எடுத்துக்கொண்டது நடிகர் நாகேஷ் அவர்களின் வாழ்க்கை. அவர் தம் கதையைத் தாமே சிரிக்கச் சிரிக்கச் சொல்ல, பத்திரிகையாளர் எஸ். சந்திரமௌலி அவர்களின் எழுத்தில் "நான் நாகேஷ்" என்னும் நூல் வந்திருக்கிறது. அந்நூல் கிளப்பிவிட்ட எண்ணங்களே இவ்வுரை.

இதை இன்று பேசுவதற்கு ஒரு காரணமும் உண்டு. கடைசியில் சொல்லி உங்களை மடக்குவதைவிட, முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. நம் செயற்குழுவின் முன் ஒரு யோசனை வந்திருக்கிறது. அடுத்த ஆண்டு விழாமுதல் நாமே போடும் நாடகத்தை நிறுத்திவிட்டு, தொலைக்காட்சியில் பெயர்பெற்ற நகைச்சுவையாளர் குழு ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைக்கலாம் என்பது அந்த யோசனை. கொண்டுவந்த அன்பர்கள் தீய எண்ணத்தோடு கொண்டுவரவில்லை. ஒத்திகைக்கு ஆள் வருவதில்லை; இரவு ஷிப்டில் இருப்பவர் பகலில் உறங்குகிறார்; கணினி நிறுவனத்தில் இருப்பவர் வெளிவட்டச் சாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் கிடந்துவிட்டு வந்து, "என் வசனம் முடிந்துவிட்டதா?" என்று கேட்கிறார், பிள்ளைகளுக்குப் பரீட்சை. இவையெல்லாம் உண்மை. பன்னிரண்டு ஆண்டுகளாகத் திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுத்து வருபவன் நான். என்னைவிட இதை அறிந்தவர் இல்லை. அறிந்தும் அந்த யோசனை வேண்டாம் என்கிறேன். ஏன் என்பதற்கு நாகேஷைத் துணைக்கு அழைக்கிறேன்.

நாகேஷ் 1933ஆம் ஆண்டு பிறந்தவர். கன்னடம் பேசும் மாத்வக் குடும்பம். வளர்ந்தது கொங்கு நாட்டுத் தாராபுரம். இங்கே நாம் தமிழ் பேசும் குடும்பங்களாகக் கன்னட நாட்டில் வாழ்கிறோம். அவர் கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்து, தமிழர்களை அரை நூற்றாண்டு சிரிக்க வைத்தார். கணக்கு நேராகிவிட்டது என்று நம் அண்டை வீட்டுக் கன்னட நண்பர்களிடம் நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. "இல்லை, எங்களுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது" என்பார்கள் அவர்கள்.

சென்னைக்கு வந்த அந்த இளைஞருக்கு இரயில்வேயில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1950களில் இரயில்வே உத்தியோகம் என்றால் என்ன என்பதை இங்குள்ள மூத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாதம் பிறந்தால் சம்பளம், குடும்பத்தோடு ஊருக்குப் போய்வரப் பாஸ், நோய் வந்தால் இரயில்வே ஆஸ்பத்திரி, ஓய்வு பெறும் நாளில் கையில் ஒரு தொகை. பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்குமுன் அவருடைய சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்த காலம் அது. 1864ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து இந்நகரத்துக் கண்டோன்மென்ட் வரை இருப்புப் பாதை வந்ததுமுதல், அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! நம் காலனியில் பாதிப் பேர் அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம். அத்தகைய வேலையை ஒருவர் விட்டுவிடுகிறார். எதற்காக? மேடையில் விழுந்து புரள்வதற்காக.

முகத்தையாவது நம்பி விட்டாரா என்றால் அதுவும் இல்லை. அம்மை வடு நிறைந்த முகம். காற்றடித்தால் கொடியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. வெள்ளித்திரையில் சிவாஜியும் எம்.ஜி.ஆரும் ஜெமினி கணேசனும் முழுநிலவுகளாக ஒளிவீசிக்கொண்டிருந்த நாளில், அந்த முகத்தை வைத்துக்கொண்டு கோடம்பாக்கத்துக் கதவைத் தட்டுவதற்கு ஒரு துணிவு வேண்டும். இத்தனைக்கும் அவர் பட்டினி அறியாதவரல்லர். திருவரங்கத்திலிருந்து பாட்டெழுதும் கனவோடு வந்த வாலியும் அவரும் ஓர் அறையில் ஒன்றாகக் காலம் தள்ளியவர்கள். பின்னாளில் ஒருவர் பாட்டுக்கு மற்றவர் திரையில் வாயசைத்தார். அறையில் இருந்தபோது இருவருக்கும் சாப்பாட்டுக்கு வாயசைப்பதே பெரும்பாடாக இருந்தது.

அவருடைய தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். காரியாலய நண்பர்கள் போடும் நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது வயிற்றுவலிக்காரன் வேடம். வைத்தியரிடம் வரவேண்டும், வயிறு வலிக்கிறது என்று சொல்ல வேண்டும், போக வேண்டும். நம் நாடகங்களில் இத்தகைய வேடத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். முதல் இரண்டு ஒத்திகைக்கு அவர் வரமாட்டார், மூன்றாவதற்கு வந்து, "இந்த ஒரு வரிக்கா என் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்தீர்கள்?" என்று கேட்பார். நாகேஷ் அந்தச் சில நிமிடங்களுக்குள் வயிற்றுவலியின் முழுப் பரிமாணத்தையும் காட்டிவிட்டார். அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. அன்று தலைமை தாங்க வந்திருந்தவர் எம்.ஜி.ஆர். அவர்கள். கதாநாயகனைவிட்டு, சில நிமிடமே வந்துபோன அந்த ஒல்லியான மனிதரைப் பாராட்டிப் பரிசும் அளித்தார்.

எம்.ஜி.ஆரின் பாராட்டைவிட என் மனத்தைத் தொடுவது வேறொன்று. அன்று கீழே உட்கார்ந்து சிரித்தவர்களுள் பலர் அவரோடு வேலை பார்த்தவர்கள். யாருடைய மேசை எது, யார் எத்தனை நாள் லீவு எடுத்தார், யார் யாரிடம் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார் என்பதெல்லாம் அறிந்தவர்கள். முன்பின் தெரியாதவர் நடுவில் நடிப்பது ஒருவகை. மறுநாள் காலை 10 மணிக்கு எவர் முகத்தில் விழிக்க வேண்டுமோ அவர்கள் முன் தரையில் விழுந்து புரள்வது வேறுவகை. பின்னதற்கு முதலில் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இதை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியவர் நம் சங்கத்தில் முன்பு திருக்குறள் வகுப்பு நடத்திய தமிழாசிரியர் ஒருவர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலாவதாகவும் அழுகையை இரண்டாவதாகவும் வைத்தார் என்று அவர் சொன்னார். எனக்கு அதுவே வியப்பாக இருந்தது. இரண்டும் அடுத்தடுத்த வீடுகள்! அந்நகை பிறக்கும் இடங்களில் எள்ளலும் ஒன்று. அதற்கு உரை கூற வந்த பேராசிரியர், எள்ளலை இருவகையாகப் பிரிக்கிறாராம். நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரித்துவிடுவது மற்றொன்று. முதல் வகை எல்லோருக்கும் வரும். பள்ளிப் பிள்ளைக்கும் வரும், மேலதிகாரிக்கும் வரும். இரண்டாம் வகை எளிதில் வாராது. நாகேஷ் முழுக்க முழுக்க அந்த இரண்டாம் வகை.

சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டாம். 1965ஆம் ஆண்டு வெளிவந்த "திருவிளையாடல்" படத்தில் தருமியைப் பாருங்கள். புலமை இல்லை; பொருள் இல்லை; ஆனால் ஆயிரம் பொற்காசு வேண்டும். இறைவனே புலவர் வடிவில் எதிரே நிற்கும்போதும் அவனுக்குக் கவலை பரிசுப் பணத்தைப் பற்றியதுதான். பாட்டில் பிழை இருந்தால் அதற்குத் தக்கபடி பரிசைக் குறைத்துக்கொள்ளட்டும், மொத்தமும் போய்விடக் கூடாதே என்று கணக்குப் போடும் அந்த மனத்தை, மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பிடித்தம் எவ்வளவு என்று பார்க்கிற எந்தக் குமாஸ்தா அறியமாட்டான்? எதிரே நிற்பவர் சிவாஜி கணேசன். அந்தக் காட்சியில் ஓர் அடியும் வெட்டக்கூடாது என்று இயக்குநர் ஏ.பி. நாகராஜன் அவர்களிடம் சொன்னவரும் சிவாஜியே என்று நாகேஷ் நன்றியோடு சொல்லியிருக்கிறார். உடன் நடிப்பவன் கைதட்டல் வாங்குவதைப் பொறுத்துக்கொள்வது எந்த மேடையிலும் அரிது. நம் மேடையிலும் அரிது என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

அதற்கு முந்திய 1964ஆம் ஆண்டுதான் நாகேஷ் அவர்களின் பொன்னாண்டு. ஸ்ரீதரின் "காதலிக்க நேரமில்லை" அவ்வாண்டில் வந்தது. படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக நாகேஷ் தம் தகப்பனாராக வரும் டி.எஸ். பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் பாராதவர் இங்கே இருக்கமாட்டீர்கள். நான் அதைப் பிராம்ப்டர் கண்ணால் பார்ப்பதுண்டு. அக்காட்சியில் பாதி வெற்றி பாலையாவுடையது. ஒருவர் சொல்கிறார், ஒருவர் நடுங்குகிறார், இருவரும் சிரிப்பதில்லை. சிரிப்பு முழுவதையும் நமக்கென்று விட்டுவிடுகிறார்கள். இன்றைய சின்னத்திரையில் சொல்பவரும் சிரித்து, கேட்பவரும் சிரித்து, நடுவராக இருப்பவரும் நாற்காலியிலிருந்து சரிந்து சிரித்துவிடுவதால், வீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்கு மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை.

அதே 1964இல் ஏ.வி.எம். நிறுவனத்தின் "சர்வர் சுந்தரம்" வந்தது. இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு, கதை வசனம் கே. பாலசந்தர். ஓட்டல் பரிமாறுபவன் ஒருவன் சினிமா நடிகனாக உயர்கிறான், கைதட்டல் கிடைக்கிறது, விரும்பிய பெண் கிடைக்கவில்லை. இது முதலில் மேடை நாடகம். 1968இல் வந்த "எதிர்நீச்சல்" படமும் பாலசந்தரின் மேடை நாடகமே. அதில் வரும் மாது ஓர் அநாதை. பல குடித்தனங்கள் இருக்கும் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருந்துகொண்டு, எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்து, அவர்கள் போடும் சோற்றை உண்டு படிக்கிறான். ஒண்டுக் குடித்தனத்தில் வளர்ந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். என் தாயார் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஸ்ரீராமபுரத்தில் ஒரே குழாயடியை ஏழு குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட வீட்டில் வளர்ந்தவர் அவர்.

உலகம் போற்றும் சார்லி சாப்ளின் தம் சுயசரிதையை வெளியிட்டதும் இதே 1964ஆம் ஆண்டுதான். அதில் அவர் தம் முதல் மேடை அனுபவத்தைச் சொல்கிறார். பாடகியான அவர் தாயாருக்கு மேடையில் தொண்டை கட்டிவிட்டது. கூட்டம் கூச்சலிட்டது. ஐந்து வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்து மேடையில் நிறுத்தினார்கள். பிள்ளை பாடத் தொடங்கியதும் காசுகள் வந்து விழுந்தன. உடனே அவன் பாட்டை நிறுத்தி, முதலில் காசைப் பொறுக்கிக்கொண்டு பிறகு பாடுகிறேன் என்று அறிவித்தானாம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தாயின் குரல் போன இரவில் மகனுக்குச் சிரிப்பு வந்து சேர்ந்தது. பொற்காசுக்கு ஏங்கிய தருமியும், செப்புக் காசைப் பொறுக்கிய லண்டன் சிறுவனும் ஒரே தெருவில் குடியிருப்பவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாகேஷின் படங்கள் எல்லாமே இந்தத் தரம் என்று நான் வாதிட வரவில்லை. எண்ணற்ற படங்களில் நடித்தார். பலவற்றில் ஓடினார், விழுந்தார், முகத்தைக் கோணினார், அவ்வளவே. எடுத்தவர்களுக்கு அவர் பெயர் சுவரொட்டிக்கு வேண்டியிருந்தது. ஆனால் பின்னாளில் 1994ஆம் ஆண்டு "மகளிர் மட்டும்" படத்தில் ஒரு வரி வசனமும் இன்றிப் பிணமாக நடித்து அரங்கத்தைக் குலுக்கினார். அதே ஆண்டு "நம்மவர்" படத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பனாக வந்து எல்லாரையும் அழவைத்து, சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார். தொல்காப்பியர் நகைக்கும் அழுகைக்கும் அடுத்தடுத்த மனை ஒதுக்கியது எவ்வளவு பொருத்தம்! 2008இல் வந்த "தசாவதாரம்" வரை நடித்தவர், 2009ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

இனி நம் கதைக்கு வருகிறேன். கே. பாலசந்தர் யார்? சென்னை அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, மாலையில் நாடகம் எழுதியவர். 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவருடைய "அபூர்வ ராகங்கள்" வெளிவந்தது. அதில் டாக்டராக வருபவர் நாகேஷ். சில நிமிடம் வந்துபோகும் ஒரு புது முகமும் அதில் உண்டு. அவர் நம் நகரத்துப் பி.டி.எஸ். பேருந்தில் சீட்டுக் கிழித்துக்கொண்டு, ஊழியர் நண்பர்களோடு கன்னட நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்த சிவாஜி ராவ் என்னும் ரஜினிகாந்த். கணக்காயர் அலுவலகம், இரயில்வே, பேருந்து நிறுவனம் ஆகிய மூன்று காரியாலயங்களின் மேடைகள் ஒரே படத்தில் சந்தித்துக்கொண்டன. அதே ஆகஸ்டில்தான் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் திறக்கப்பட்டது. பின்னாளில் பாலசந்தர் அவர்களும் "இரயில் சிநேகம்", "கையளவு மனசு" என்று அந்தச் சின்னத்திரைக்கே வந்து சேர்ந்தார்.

சின்னத்திரையில் நாம் விரும்பிப் பார்த்த மற்றவர்களையும் எண்ணிப் பாருங்கள். கிரேசி மோகன் கிண்டியில் பொறியியல் படித்து, சுந்தரம் கிளேட்டன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எஸ்.வி. சேகர் குழுவுக்கு அவர் எழுதிய "கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்" நாடகமே அவர் பெயருக்கு முன் வந்து ஒட்டிக்கொண்டது. மேலே சொன்ன "மகளிர் மட்டும்" படத்துக்கு வசனமும் அவரே. 2019ஆம் ஆண்டு சூன் மாதம் அவர் மறைந்த அன்று நம் காலனியில் சிரிக்கச் சிரிக்க அவரைப் பற்றிப் பேசிக்கொண்டு வருந்தினோம்.

நமக்கு இன்னும் நெருங்கியவர் டெல்லி கணேஷ். 1964முதல் 1974வரை விமானப் படையில் பணியாற்றியவர். டில்லியில் வாழ்ந்த தமிழர்கள் நடத்திய தட்சிண பாரத நாடக சபாவில் நடித்துத் தேர்ந்தவர். அந்தச் சபா என்ன? நம்முடையதைப் போல வேற்றூருக்குப் பிழைக்கப் போன தமிழர்கள், வேலை முடிந்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடத்திய ஒன்றுதானே? அங்கே 1960களில் யாரோ ஒருவர் எழுந்து, "நமக்கு எதற்கு இந்தத் தொல்லை? சென்னையிலிருந்து பெரிய குழுவை வரவழைத்துவிடலாம்" என்று சொல்லி அதற்கு எல்லாரும் தலையாட்டியிருந்தால், அந்த விமானப்படை இளைஞர் எங்கே நடித்திருப்பார்? 2024ஆம் ஆண்டு நவம்பரில் மறையும் வரை அவர் பெயருக்கு முன் டில்லி நின்றது. பெங்களூரைப் பெயருக்கு முன் வைத்துக்கொள்ள நம் பிள்ளைகளில் ஒருவர் வரக்கூடாதா?

சின்னத்திரையை நான் பழிப்பதாக எண்ண வேண்டாம். நானும் இரவில் சாப்பிட்டுவிட்டு அதைப் பார்ப்பவன்தான். விஜய் தொலைக்காட்சியின் "லொள்ளு சபா" சந்தானத்தைத் தந்தது; "கலக்கப் போவது யாரு" சிவகார்த்திகேயனைத் தந்தது. பெயரும் பின்பலமும் இல்லாத இளைஞர்களுக்கு அது வாசல் திறந்தது. அதை மறுப்பவன் நன்றி மறந்தவன். ஆனால் அங்கே எள்ளல் பெரும்பாலும் பேராசிரியர் சொன்ன முதல் வகையாகப் போய்விடுகிறது. ஒருவர் பருமன், ஒருவர் கறுப்பு, ஒருவர் தலையில் முடி இல்லை, ஓர் ஆண் புடைவை கட்டிக்கொண்டு வருகிறார். இவையே சிரிப்பு. என் மூத்த மகள் ஒருநாள், "அப்பா, அவரைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறார்கள், அவர் மட்டும் சிரிக்கவில்லையே" என்றாள். தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன். அணைத்தபின் வீட்டில் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் 1950களில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் சிரிப்பொலிகளைப் பதிந்து வைத்து, பொத்தானை அழுத்தினால் வேண்டிய அளவு வேண்டிய வகைச் சிரிப்பு வருமாறு ஓர் இயந்திரம் செய்தார். அதுமுதல் நகைச்சுவை நன்றாக இல்லாவிட்டாலும் சிரிப்பு மட்டும் குறைவின்றிக் கிடைக்கிறது. நம் மண்டபத்தில் அந்தப் பொத்தான் இல்லை. மூன்றாம் வரிசையில் ஓய்வுபெற்ற கார்டு ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் சிரித்தால் நாடகம் தேறியது. சிரிக்காவிட்டால் எழுதியவர் ஒரு வாரம் அவர் வீட்டுப் பக்கமே போவதில்லை.

பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். நம் பிள்ளைகளுள் பலர் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள். எழுதப் படிக்க வாராது. நாடக வசனத்தை நான் படிக்கப் படிக்க, அவர்கள் கன்னட எழுத்தில் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்கிறார்கள். இக்காலக் கன்னடத்தில் நம் சிறப்பு ழகரத்துக்கு எழுத்து இல்லை; பழங்கன்னடத்தில் இருந்தது, வழக்கொழிந்துவிட்டது. ஆதலால் சென்ற ஆண்டு நாடகத்தில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மன்னனைப் பார்த்து "வாழ்க" என்பதற்குப் பதில் "வாள்க" என்று முழங்கினாள். மன்னராக வந்தவர் தம் இடுப்பு வாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த அவள் பாட்டி எழுந்து நின்று, "நாக்கை மடிச்சுச் சொல்லுடி கண்ணு!" என்றார். அவளும் சிரித்துவிட்டு நாக்கை மடித்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி "வாழ்க" என்றாள். அதற்குக் கிடைத்த கைதட்டலை எந்த இயந்திரமும் பதிந்து வைத்திருக்காது. அந்தப் பெண் இப்போது ஞாயிறுதோறும் நம் சங்கத்துத் தமிழ் வகுப்புக்கு வருகிறாள். தன் வசனத்தைத் தமிழ் எழுத்திலேயே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். சென்னையிலிருந்து வரும் குழு மிக நன்றாகவே நடிக்கும். ஆனால் அன்று அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். பாட்டிக்கு எழுந்து நிற்க வேலை இராது.

பணம் பற்றிப் பொருளாளர் அவர்கள் பேசுவார். நான் அதில் புகவில்லை. வெளியூர்க் கலைஞர்களை அழைக்கவே கூடாது என்றும் சொல்லவில்லை. பொங்கல் விழாவுக்கு அழையுங்கள். நானே இரயில் நிலையம் சென்று மாலையோடு வரவேற்கிறேன். ஆண்டு விழா மேடையை மட்டும் நம்மவர்க்கு விட்டுவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஒத்திகை நேரத்தை ஷிப்டுக்குத் தக்கபடி இரண்டாகப் பிரிக்கலாம். நாடகத்தை இரண்டு மணியிலிருந்து ஒரு மணியாகக் குறைக்கலாம். எழுதியவர் வருந்துவார், பார்ப்பவர் வாழ்த்துவார். இவற்றைச் செயற்குழு அடுத்த மாதம் முடிவுசெய்யும்போது நினைவில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முடிவு எப்படியாயினும் இவ்வாண்டு நாடகம் உண்டு. வரும் ஞாயிறு மாலை 4 மணிக்குக் காலனி மண்டபத்தில் ஒத்திகை. இரண்டாம் காட்சியில் ஒரு மருத்துவமனை வருகிறது. டாக்டருக்கு மூவர் போட்டியிட்டுப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நோயாளிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. வசனம் ஒரே வரிதான். விருப்பமுள்ள அன்பர்கள் சிற்றுண்டி வேளையில் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.